செல்லுக்குள் எவ்வளவு புரதம்? அதைக் கணக்குப் போடுவது எப்படி?

கணக்கு வராது என்று பயாலஜி குரூப் எடுத்து, பயோடெக் படித்து, பெங்களூரில் வேலை தேடும் பிள்ளைகள் பலருக்கு இப்போது ஒரு குழப்பம். நேர்காணலில் வகைக்கெழுச் சமன்பாடு தெரியுமா, செல்லுக்கு மாடல் போடத் தெரியுமா என்று கேட்கிறார்கள். உயிரித் தொழில்நுட்ப உற்பத்தியை வளர்ப்பதற்கான பயோ-ஈ3 கொள்கைக்கு 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிறகு 'பயோஃபவுண்ட்ரி' (செல்களை வடிவமைத்துச் சோதிக்கும் கூடம்), 'டிஜிட்டல் ட்வின்' (உண்மையான செல்லையோ தொட்டியையோ போல நடக்கும் கணினி மாடல்) போன்ற சொற்கள் பேப்பரில் அடிக்கடி வருகின்றன. அதே ஆண்டு வேதியியல் நோபல் பரிசு, புரதங்களை கணினியில் கணித்ததற்காகவும் வடிவமைத்ததற்காகவும் டேவிட் பேக்கர், டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகிய மூவருக்குப் போனது. ஏஐ-தான் புரதத்தை முடித்துவிட்டதே, இன்னும் என்ன கணக்கு பாக்கி என்ற கேள்வி இயல்பாக எழுகிறது.

பாக்கி நிறையவே இருக்கிறது. ஆனால் அதன் அடிப்படையைப் புரிந்துகொள்ள +2 கணக்கு போதும்.

வடிவம் வேறு, அளவு வேறு

நோபல் பெற்ற வேலை புரதத்தின் வடிவம் பற்றியது. அமினோ அமிலங்களின் வரிசையைக் கொடுத்தால் அந்தச் சங்கிலி எப்படி மடங்கும் என்று சொல்கிறது. இந்த வடிவக் கணக்கு நமக்குப் புதிதல்ல. எந்தெந்தக் கோணங்களில் சங்கிலி திரும்ப முடியும் என்ற வரைபடத்தை 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் போட்டுக் காட்டியவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும். அவர்தான் பின்னால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார்.

தொழிற்சாலைக்காரர் கேட்கும் கேள்வி வேறு. இன்சுலினின் வடிவம் எப்போதோ தெரிந்துவிட்டது. அதில் இருப்பது 51 அமினோ அமிலங்கள்தான். அவருக்குத் தெரிய வேண்டியது, ஒரு செல் மணிக்கு எத்தனை இன்சுலின் மூலக்கூறு செய்யும், அதை இரட்டிப்பாக்க எந்தத் திருகைத் திருக வேண்டும், திருகினால் செல் தாங்குமா என்பவை. வடிவத்தைச் சொல்லும் மென்பொருளிடம் இதற்குப் பதில் கிடையாது.

இரண்டு படிகள், நான்கு எண்கள்

புரதம் உருவாவதை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கினால் இரண்டு படிகள் மிஞ்சும்.

1. படியெடுத்தல்: டி.என்.ஏ-வில் உள்ள மரபணுவைப் பார்த்து எம்.ஆர்.என்.ஏ என்ற நகல் தயாராகிறது.
2. மொழிபெயர்ப்பு: அந்த நகலின் மேல் ரைபோசோம் நகர்ந்து, மூன்று மூன்று எழுத்தாகப் படித்து (இந்த மூன்றெழுத்துதான் 'கோடான்'), அமினோ அமிலங்களைக் கோத்து புரதமாக்குகிறது.

(ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009-இல் நோபலைப் பகிர்ந்துகொண்ட வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர். நம் ஊர்ப் பெயர்கள் இந்தத் துறையில் அங்கங்கே தட்டுப்படுகின்றன.)

உருவாவது மட்டுமல்ல, அழிவதும் நடக்கிறது. எம்.ஆர்.என்.ஏ சீக்கிரம் சிதையும், ஈ.கோலை பாக்டீரியாவில் அதன் ஆயுள் சில நிமிடங்கள்தான். புரதம் இரண்டு வழிகளில் குறையும்: சிதைந்து போகலாம், அல்லது செல் வளர்ந்து இரண்டாகும்போது இருப்பது இரண்டு செல்களுக்கும் பங்காகிப் போகலாம். இந்த இரண்டாவதை 'நீர்த்தல்' என்பார்கள். பாடப்புத்தகம் இதை அதிகம் பேசாது. ஆனால் வேகமாக வளரும் பாக்டீரியாவில் பெரும்பாலான புரதங்களுக்கு நீர்த்தல்தான் முக்கிய இழப்பு.

ஆக, இரண்டு சமன்பாடுகள்:

எம்.ஆர்.என்.ஏ மாறும் வேகம் = படியெடுக்கும் வேகம் − (சிதைவு வீதம் × எம்.ஆர்.என்.ஏ எண்ணிக்கை)

புரதம் மாறும் வேகம் = (மொழிபெயர்ப்பு வீதம் × எம்.ஆர்.என்.ஏ எண்ணிக்கை) − (இழப்பு வீதம் × புரத எண்ணிக்கை)

நான்கு எண்கள், அவ்வளவுதான். வரவும் செலவும் சமமாகும்போது மாற்றம் நின்று நிலையான அளவு வரும். இரண்டு சமன்பாட்டிலும் இடப்பக்கத்தைப் பூஜ்யமாக்கினால்:

நிலையான புரத அளவு = (படியெடுக்கும் வேகம் × மொழிபெயர்ப்பு வீதம்) ÷ (சிதைவு வீதம் × இழப்பு வீதம்)

எண்களைப் போட்டுப் பார்ப்போம்

ஈ.கோலையில் ஒரு மரபணுவை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்கு வைத்தவை. ஆனால் உண்மையில் காணப்படும் வரம்புக்குள் இருப்பவை.

1. 2 நிமிடத்துக்கு ஒரு எம்.ஆர்.என்.ஏ பிறக்கிறது. அதாவது நிமிடத்துக்கு 0.5.
2. ஒரு எம்.ஆர்.என்.ஏ-வின் சராசரி ஆயுள் 5 நிமிடம். சிதைவு வீதம் 1 ÷ 5, அதாவது 0.2.
3. ஒரு எம்.ஆர்.என்.ஏ நிமிடத்துக்கு 4 புரதம் தருகிறது.
4. செல் 30 நிமிடத்தில் இரட்டிக்கிறது. புரதம் தானாகச் சிதையாது. இழப்பு வீதம் = 0.693 ÷ 30, அதாவது 0.0231 (0.693 என்பது 2-இன் இயல் மடக்கை).

எம்.ஆர்.என்.ஏ 0.5 ÷ 0.2 = 2.5. புரத உற்பத்தி நிமிடத்துக்கு 10. நிலையான அளவு 10 ÷ 0.0231, சுமார் 433 மூலக்கூறு.

சரி, படியெடுக்கும் வேகத்தை இரட்டிப்பாக்கினால்? 866. இதில் ஆச்சரியம் இல்லை. அடுத்த கேள்வியில்தான் பலர் சறுக்குவார்கள்.

எவ்வளவு சீக்கிரம் என்பதை உற்பத்தி முடிவு செய்வதில்லை

மரபணு அணைந்திருக்கிறது, இப்போது ஆன் செய்கிறோம். இறுதி அளவில் பாதியை எட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

சமன்பாட்டைத் தீர்த்தால் விடை ஏறக்குறைய 30 நிமிடம், அதாவது செல் இரட்டிக்கும் நேரம். எம்.ஆர்.என்.ஏ நிலைக்கு வர எடுக்கும் சில நிமிடத் தாமதம் மட்டும் கூடுதல். உற்பத்தியை இரட்டித்தாலும், பத்து மடங்காக்கினாலும் அந்த 30 நிமிடம் அப்படியே இருக்கும். உற்பத்தி கூடினால் இலக்கும் கூடவே மேலே போய்விடுகிறது. பாதித் தூரத்தைக் கடக்கும் நேரம் மாறுவதில்லை. ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையை, 200 மூலக்கூறை என்று வையுங்கள், சீக்கிரம் தொட முடியும்தான். ஆனால் அமைப்பு தன் நிலைக்கு வந்து சேரும் வேகம் இழப்பு வீதத்தின் கையில் மட்டுமே இருக்கிறது.

இழப்பைக் கூட்டிப் பார்க்கலாம். 'இதை அழி' என்று செல்லுக்குச் சொல்லும் சிதைவுக் குறியை ஒட்டி, புரதத்தின் அரை ஆயுளை 10 நிமிடமாக்கினால், நீர்த்தலும் சேர்ந்து மொத்த இழப்பு 0.0924 ஆகிறது. பாதி தொடும் நேரம், எம்.ஆர்.என்.ஏ தாமதத்தை விட்டுவிட்டால், 7.5 நிமிடத்துக்கு இறங்கும். விலையும் உண்டு: அளவு 433-இலிருந்து 108 ஆகிவிடும். அதே 433 வேண்டுமென்றால் நான்கு மடங்கு உற்பத்தி செய்து, அதில் முக்கால்வாசியை அழித்துக்கொண்டே இருக்க வேண்டும். வீண்செலவு போலத் தோன்றும். ஆனாலும் சூழ்நிலைக்கு உடனே எதிர்வினை காட்ட வேண்டிய புரதங்களுக்கு இயற்கை பல இடங்களில் இந்தச் செலவைச் செய்கிறது.

இன்னொரு வழி, புரதம் தன் மரபணுவைத் தானே அடக்குவது. முதலில் வேகமாக உற்பத்தி, சேரச் சேர பிரேக். இது அமைப்பை வேகப்படுத்தும் என்று ரோசன்ஃபெல்ட், எலோவிட்ஸ், அலோன் ஆகியோர் 2002-இல் ஈ.கோலையில் பரிசோதித்துக் காட்டினார்கள். கணக்கு முன்கூட்டியே சொன்னதுதான்.

எம்.ஆர்.என்.ஏ தடுப்பூசியும் இதே சமன்பாடுதான், ஓர் உறுப்பு மட்டும் குறைவு. வெளியிலிருந்து நகலைச் செலுத்துவதால் படியெடுத்தல் கிடையாது. உள்ளது சிதைந்துகொண்டே போகும். ஒரு நகல் தன் வாழ்நாளில் தரும் மொத்தப் புரதம் = மொழிபெயர்ப்பு வீதம் ÷ சிதைவு வீதம். ஆயுளை இரட்டித்தால் புரதமும் இரட்டிக்கும். நகலின் வால்பகுதி, எழுத்துகளின் வேதி மாற்றம் ஆகியவற்றில் அவ்வளவு கவனம் செலுத்துவது இதற்காகத்தான்.

எம்.ஆர்.என்.ஏ மேல் டிராஃபிக் ஜாம்

மொழிபெயர்ப்பு வீதம் என்று மேலே ஒற்றை எண்ணாகப் போட்டோம். அந்த எண்ணுக்குள் ஒரு தனிக் கதை இருக்கிறது.

ஒரு எம்.ஆர்.என்.ஏ மேல் ஒரே நேரத்தில் பல ரைபோசோம்கள் ஓடும். ஒவ்வொன்றும் சுமார் பத்து கோடான் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒன்றை ஒன்று முந்த முடியாது. முன்னால் இருப்பது நகர்ந்தால்தான் பின்னால் இருப்பது நகரும். பெங்களூரின் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு ஜங்ஷனைக் காலை ஒன்பது மணிக்குக் கடக்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மெக்டொனால்டு, கிப்ஸ், பிப்கின் மூவரும் 1968-இல் ரைபோசோம்களுக்காக எழுதிய மாடலையும் அதன் வாரிசுகளையும் பிற்பாடு சாலை நெரிசலைப் படிப்பவர்களும் எடுத்துக்கொண்டார்கள். உயிரியலிலிருந்து கணக்கு வெளியே போன அரிதான நிகழ்வுகளில் இது ஒன்று.

இந்த மாடல் மூன்று நிலைகளைச் சொல்கிறது.

1. உள்ளே நுழைவது மெதுவாக இருந்தால் பாதை காலியாக இருக்கும். நுழைவு வேகமே உற்பத்தி வேகம்.
2. வெளியேறுவது மெதுவாக இருந்தால் கடைசியிலிருந்து நெரிசல் பின்னோக்கி வளரும்.
3. இரண்டும் வேகமாக இருந்தால் பாதையின் கொள்ளளவுதான் எல்லை. அதற்கு மேல் ரைபோசோமைத் திணித்துப் பயன் இல்லை.

பெரும்பாலான மரபணுக்கள் முதல் நிலையில்தான் இருக்கின்றன. இது கையில் காசு போகிற விஷயம். ஒரே அமினோ அமிலத்துக்குப் பல கோடான்கள் இருக்கலாம் என்பதால், 'கோடான் ஆப்டிமைசேஷன்' என்று சொல்லி மரபணு முழுவதையும் வேகமான கோடான்களாக மாற்றித் தரும் சேவைகள் உண்டு. நுழைவாயிலில் வண்டி நிற்கும்போது மேம்பாலத்தை அகலப்படுத்தினால் என்ன கிடைக்கும்? 2009-இல் குட்லாவும் கூட்டாளிகளும், ஒளிரும் பச்சைப் புரதத்துக்கான மரபணுவை, புரதம் மாறாமல் கோடான் மட்டும் மாறும்படி 154 விதமாக எழுதி ஈ.கோலையில் போட்டார்கள். புரத அளவில் 250 மடங்கு வரை வேறுபாடு வந்தது. அந்த வேறுபாட்டில் பாதிக்கு மேல் விளக்கியது, எம்.ஆர்.என்.ஏ-வின் தொடக்கப் பகுதி எவ்வளவு இறுக்கமாக மடங்கியிருக்கிறது என்பது. அதாவது நுழைவாயில். கோடான் எவ்வளவு 'நல்ல' கோடான் என்பதற்கும் புரத அளவுக்கும் சொல்லும்படியான தொடர்பு தெரியவில்லை. எல்லா மரபணுவுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் கோடானை மாற்றப் பணம் கட்டுவதற்கு முன், தடை எங்கே என்று ஒரு முறை கணக்குப் பார்ப்பது நல்லது.

சராசரி மட்டும் போதாது

மேலே எம்.ஆர்.என்.ஏ 2.5 என்று வந்தது. அரை மூலக்கூறு என்று ஒன்று கிடையாது. ஒரு செல்லில் 1 இருக்கும், பக்கத்துச் செல்லில் 5 இருக்கும். தற்செயல் கணக்குப்படி சுமார் 12 செல்லில் ஒன்றில் எதுவுமே இருக்காது. ஒரே டி.என்.ஏ, ஒரே சாப்பாடு, ஒரே குடுவை. ஆனாலும் செல்லுக்குச் செல் புரத அளவு மாறும். இதை இரைச்சல் என்கிறார்கள். 2002-இல் எலோவிட்ஸ் குழு ஒரே செல்லில் ஒரே விதமான கட்டுப்பாட்டில் இரண்டு நிறப் புரதங்களை வைத்து, அவை இரண்டும் ஒரே அளவில் வருவதில்லை என்று கண்ணுக்குக் காட்டியது.

இந்த இரைச்சலை முன்கூட்டிக் கணிக்கும் சூத்திரத்தைத் தந்த முக்கியக் கட்டுரைகளில் ஒன்று 2001-இல் முகுந்த் தட்டையும் அலெக்சாண்டர் வான் ஔடெனார்டனும் எழுதியது. தட்டை பிறகு பெங்களூரு வந்தார். பெல்லாரி சாலையில் ஜி.கே.வி.கே வளாகத்தில் இருக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ஆய்வாளர். சூத்திரத்தின் மையம் ஒரே ஒரு எண்: ஒரு எம்.ஆர்.என்.ஏ தன் ஆயுளுக்குள் சராசரியாக எத்தனை புரதம் தருகிறது என்பது. நம் உதாரணத்தில் நிமிடத்துக்கு 4, ஆயுள் 5 நிமிடம், ஆக 20. புரதம் ஒவ்வொன்றாக வராமல் இருபது இருபதாகக் கொத்தாக வருகிறது.

ஒரே சராசரியை இரண்டு வழியில் அடைந்து பார்க்கலாம்.

1. நம் பழைய எண்கள்: நிமிடத்துக்கு 0.5 நகல், ஒவ்வொன்றும் 20 புரதம். சராசரி 433, திட்ட விலக்கம் சுமார் 90.
2. நகல் பத்து மடங்கு, ஒவ்வொன்றும் தருவது பத்தில் ஒரு பங்கு: நிமிடத்துக்கு 5 நகல், ஒவ்வொன்றும் 2 புரதம். சராசரி அதே 433, திட்ட விலக்கம் சுமார் 35.

மொத்தமாக அரைத்து அளந்தால் இரண்டு குடுவையும் ஒன்றுதான். தனித்தனிச் செல்லாகப் பார்த்தால் முதலாவதில் சிதறல் இரண்டரை மடங்கு. இதைப் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவில் பரிசோதித்த கட்டுரை 2002-இல் வந்தது. மொழிபெயர்ப்பை மாற்றினால்தான் இரைச்சல் அதிகம் மாறுகிறது என்று கணக்குக்கு ஒத்த விடை கிடைத்தது.

சிதறல் எப்போதும் கெடுதல் என்றும் சொல்ல முடியாது. ஆன்டிபயாட்டிக் போட்டதும் பெரும்பாலான பாக்டீரியா செத்து, மரபணு மாற்றம் ஏதும் இல்லாமலே சில மட்டும் பிழைத்துக்கொள்வதில் இத்தகைய தற்செயல் வேறுபாட்டுக்குப் பங்கு இருக்கிறது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

அதிகம் கேட்டால் குறைவாகக் கிடைக்கும்

இதுவரை போட்ட கணக்கில் ஒரு மறைமுக அனுமானம் இருந்தது: நாம் எவ்வளவு கேட்டாலும் செல் தன்பாட்டுக்கு 30 நிமிடத்தில் இரட்டிக்கும் என்று. உண்மையில் ரைபோசோம்கள் வரம்புக்கு உட்பட்டவை. நம் புரதத்துக்குப் போகும் ஒவ்வொரு ரைபோசோமும் செல்லின் சொந்த வேலையிலிருந்து பிடுங்கியதுதான்.

2010-இல் ஸ்காட், ஹ்வா குழுவினர் ஈ.கோலையில் இதை அளந்து ஓர் எளிய நேர்கோட்டு விதி கண்டார்கள். செல்லுக்குத் தேவையில்லாத புரதம் மொத்தப் புரதத்தில் எவ்வளவு பங்கோ அதற்கேற்ப வளர்ச்சி வேகம் நேராகக் குறைகிறது. பங்கு 48% அருகே போனால் வளர்ச்சி நின்றுவிடும். இதை வைத்து நாமே ஒரு கணக்குப் போடலாம். தொடர்ந்து வளரும் செல்களில் உற்பத்தி வேகம் = பங்கு × வளர்ச்சி வேகம்.

1. பங்கு 12%: வளர்ச்சி 75%. பெருக்கினால் 9.
2. பங்கு 24%: வளர்ச்சி 50%. பெருக்கினால் 12.
3. பங்கு 36%: வளர்ச்சி 25%. மறுபடியும் 9.

உச்சம் சரியாக நடுவில். 36%-க்கு முறுக்குகிறவருக்கு 12%-இல் நிறுத்தியவரை விட ஒன்றும் அதிகம் கிடைப்பதில்லை. செல் திணறுவதுதான் மிச்சம். வலிமையான ப்ரோமோட்டர் (படியெடுத்தலைத் தொடங்கிவைக்கும் டி.என்.ஏ பகுதி) போட்டால் விளைச்சல் கூடும் என்ற பழக்கப்பட்ட எண்ணம் இந்த இடத்தில் உடைகிறது.

மாடலை எப்போது நம்பலாம்?

கணினியில் வரைபடம் தரவின் மேல் அழகாகப் பொருந்திவிட்டது என்று காட்டினால், அதை மட்டும் வைத்து நம்பக் கூடாது. நிலையான அளவின் சூத்திரத்தை மறுபடி பாருங்கள்: நான்கு எண்கள், ஒரே விடை. 433 என்ற அளவீடு மட்டும் கையில் இருந்தால் அதைத் தரும் நால்வர் கூட்டணி எண்ணற்றவை. எதையும் பொருத்திவிடலாம், எதையும் நிரூபிக்காமல். நான்கையும் பிரித்தறிய வேண்டுமென்றால் குறைந்தது இவை வேண்டும்:

1. எம்.ஆர்.என்.ஏ-வைத் தனியாக அளந்தது.
2. படியெடுத்தலை நிறுத்தி, சிதைவைக் காலவாரியாகப் பார்த்தது.
3. அணைத்து மீண்டும் ஆன் செய்து, ஏறும் பாதையைப் பதிந்தது.

மூன்றும் இல்லாமல் டிஜிட்டல் ட்வின் என்று ஒருவர் விற்க வந்தால் பர்ஸை எடுக்க அவசரம் வேண்டாம். இன்னொன்று: மேசைக் குடுவையில் எடுத்த எண்கள் பெரிய தொட்டியில் அப்படியே செல்லாது. ஆயிரக்கணக்கான லிட்டர் தொட்டியில் ஆக்ஸிஜனும் சர்க்கரையும் எல்லா மூலையிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தொட்டிக்குள் சுற்றிவரும் செல்லுக்கு நிமிடத்துக்கு நிமிடம் வீதங்கள் மாறும்.

வேலை செய்யாமல் வளரும் செல்கள்

கடைசியாக, உற்பத்திக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவரை உண்மையில் தூங்கவிடாத கணக்கு. 24% பங்கில் நம் செல் 60 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கிறது. தற்செயலாக ஒரு செல்லில் நம் மரபணு பழுதாகிவிட்டது. சுமை போய்விட்டதால் அது 30 நிமிடத்தில் இரட்டிக்கிறது. அப்படியென்றால் மற்றவற்றோடு ஒப்பிட்டால் அதன் பங்கு ஒவ்வொரு மணி நேரமும் இரட்டிக்கும். 100 கோடிக்கு ஒன்று என்று தொடங்கினாலும் 30 மணி நேரத்தில் அவை வேலை செய்யும் செல்களுக்குச் சமமாகிவிடும், ஏனெனில் இரண்டை முப்பது முறை பெருக்கினால் 100 கோடியைத் தாண்டும். இன்னும் 7 மணி நேரம் விட்டால் தொட்டியில் புரதம் செய்யும் செல்கள் நூறில் ஒன்றுகூடத் தேறாது. சிறிய தொட்டியிலேயே செல்கள் 100 கோடியை விடப் பல மடங்கு அதிகம் என்பதால், அந்த முதல் செல் வராது என்று நம்ப வழியே இல்லை.

இதனால்தான் வளர்ச்சியையும் உற்பத்தியையும் பிரித்து வைக்கிறார்கள். பயோகான் 2004-இல் சந்தைக்குக் கொண்டுவந்த மனித இன்சுலின், பிக்கியா என்ற ஈஸ்ட்டில் செய்தது. பிக்கியாவில் பரவலாகப் பயன்படும் ஏ.ஓ.எக்ஸ்-1 ப்ரோமோட்டர் கிளிசரால் இருக்கும்வரை அணைந்திருக்கும். மெத்தனால் கொடுத்தால் திறக்கும். முதலில் கிளிசரால் ஊட்டி, சுமை இல்லாமல் செல்களைப் பெருக்கி, பிறகு மெத்தனாலுக்கு மாறலாம். சுமை இல்லாத கட்டத்தில் பழுதான செல்லுக்கு எந்த அனுகூலமும் கிடையாது. மேலே சொன்ன ஈ.கோலை எண்களையே வைத்துக்கொண்டால், உற்பத்திக் கட்டத்தை 10 மணி நேரத்தில் முடித்துவிடும்போது பழுதான செல்களின் பங்கு ஆயிரம் மடங்குதான் ஏறியிருக்கும். 100 கோடிக்கு ஒன்று, பத்து லட்சத்துக்கு ஒன்றாகியிருக்கும்.